பூத்துக்காரரின் ஷார்ஜா போன்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை, கடையிலிருந்து.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் திரு. பிரவின்ராஜ் அவர்களுக்கு, அத்தான் ஏசுவடியான் எழுதிக்கொள்வது. நீ ஷார்ஜாவிலிருந்து எனக்கு வாங்கி வந்து கொடுத்த போன் செத்துவிட்டது. அதைப் பிழைக்கவைக்கப் போய், ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்ச உயிரையும் நானே எடுத்துவிட்டேன். மற்றபடி இங்கு தேவ கிருபையால் நானும் உன் அக்கா ஜாய்ஸும் சுகம், வியாபாரம் சுகம், மழை பரவாயில்லை. அங்கு நீயும் வீட்டாரும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாய் இருக்கவேண்டும் என்பதே எங்கள் ஜெபம்.

போன் சமாச்சாரத்தை வேறு போனில் சொல்லக்கூடாதா, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். காரணம் இருக்கிறது மாப்ள. நான் பேச ஆரம்பித்தால் நீ, "சரி அத்தான், சிக்னல் விழுந்துட்டு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதைவிடப் பெரிய காரணம், இந்த விஷயம் உன் அக்காவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வீட்டில் பேசினால் அவள் காதில் விழும். கடையில் பேசினால் எதிர்க்கடை லிங்கேஷ் காதில் விழும். அவனும் என்னைப் போலவே சார்ஜர், கேபிள், கவர் வியாபாரம் செய்கிறவன். என் கடையில் ஒரு போன் செத்தது என்று தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். கடையநல்லூர் முகம்மது மைதீன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். அவர் கையில் உன் அக்கா நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பையின் அடியில் இதைச் சொருகிவைக்கிறேன். முன்பு இப்படித்தானே நடந்தது? போகிறவர் கையில் ஒரு கடிதம், வருகிறவர் கையில் ஒரு கடிதம். நீ அனுப்பிய கடிதங்கள் சோப்புப் பெட்டிக்கும் தைலப் பாட்டிலுக்கும் நடுவில் கிடந்து கிடந்து, பிரித்தால் உன் எழுத்துக்கு முன்னால் வாசனை வரும். இப்போது எத்தனை மெசேஜ் வருகிறது, ஒன்றுக்காவது வாசனை உண்டா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் போனில் யார் பேசினாலும் பதிவாகும்படி வைத்திருந்தேன். அது உளவு பார்க்க அல்ல, வியாபாரப் பழக்கம். மதுரைப் பார்ட்டி காலையில் ஒரு விலை சொல்வான், சாயங்காலம் சரக்கு வந்ததும் "நானா அப்படிச் சொன்னேன்?" என்பான். "இந்தாரும், உம்ம குரலையே கேளும்" என்று போட்டுக் காட்டினால் வாயை மூடிக்கொள்வான். அந்தப் பழக்கத்தில் மதுரைக்காரன் பேச்சோடு உங்கம்மா பேச்சும் சேர்ந்து பதிவாகியிருந்தது. உன் அக்காவின் போன் எப்போதும் சத்தமில்லாமல் அரிசி டின் மேல் கிடக்கும் என்பதால், உங்கம்மா தினமும் மத்தியானம் பனவடலிசத்திரத்திலிருந்து என் நம்பருக்குத்தான் போடுவார்கள். நான் சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பேன். "அவகிட்ட குடும்" என்பார்கள், கொடுப்பேன், என் வேலை அத்தோடு முடிந்தது. அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் போன் எல்லாவற்றையும் பிடித்துவைத்தது. உங்கம்மாவின் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் இல்லை. வீடியோ எடுக்கக் கையைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவர்களாயிற்றே. போன வருஷம் அவர்கள் காலமானபோது விசா சிக்கலில் நீ மண் போடக்கூட வரமுடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு ஒருநாள் நீ போனில், "அத்தான், அம்மை பேசுனது ஏதும் ஒங்ககிட்ட கெடக்கா?" என்று கேட்டாய். நான் பெருமையாக, "எல்லாம் பத்திரமாக் கெடக்கு மாப்ள, வரும்போது கேளு" என்றேன். அந்தப் பத்திரம்தான் இப்போது என் கல்லாப்பெட்டிக்குள் இருட்டாகக் கிடக்கிறது.

எனக்கும் அதில் ஒரு சொத்து இருந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் பூத்து காலத்திலிருந்து தொடங்கவேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் எஸ்.டி.டி. பூத்து வைத்திருந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர், ஒரே ஒரு பெஞ்சு. வெள்ளிக்கிழமை தோறும் நீ அங்கிருந்து பூத்துக்குப் போன் போடுவாய். உங்கம்மாவும் ஜாய்ஸும் பஸ் ஏறி வந்து அந்தப் பெஞ்சில் காத்திருப்பார்கள். மணி அடித்ததும் உங்கம்மா கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தூரத்து தேசம் என்பதால் சத்தமாகப் பேசினால்தான் போய்ச்சேரும் என்பது அவர்கள் எண்ணம். "ஏலே, சம்பளம் போட்டானா? வயித்துவலி நின்னுட்டா? அந்த மலையாளத்தான்கூடச் சேராத! வச்சிருதேன்!" எல்லாம் ஒரே மூச்சு. ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக்கூட உன் வயிற்றுவலி தெரியும். நீ பதில் சொல்கிறாயா என்று பார்ப்பதெல்லாம் கிடையாது. பதிலுக்குக் காத்திருந்தால் துட்டு ஓடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசிவரை, கையில் செல்போன் வந்த பிறகும், உங்கம்மா அப்படித்தான்: சொல்லவேண்டியதைச் சொல்லுவார்கள், வைத்துவிடுவார்கள். எதிரில் ஆள் இருக்கிறானா என்பது அவர்கள் கவலை இல்லை.

வருகிற போனுக்கு மற்றவர்களிடம் சில்லறை வாங்குவேன், உங்கம்மாவிடம் வாங்கமாட்டேன். "எதுக்குவே வேண்டாங்கீரு? ஒம்ம வீட்டுக் கம்பியா?" என்று கேட்டார்கள். நான் பெஞ்சில் இருந்த ஜாய்ஸைப் பார்த்தேன். உங்கம்மா நான் பார்த்ததைப் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கம்மா மட்டும்தான் வந்தார்கள். பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். நீ அங்கிருந்து எனக்காகப் பேசினாய், அதற்கான போன் செலவை நான் இன்றும் மறக்கவில்லை. கல்யாணம் நடந்தது. ஆனால் உங்கம்மா வாயில் நான் மருமகன் ஆகவில்லை. மூத்த மருமகன், வாசுதேவநல்லூர் வாத்தியார், அவர் வந்தால் "வாங்க மருமவனே." நான் போனால், "ஏட்டி, பூத்துக்காரரு வந்திருக்காரு பாரு." பூத்தை மூடினேன், கடை வைத்தேன், மாடி கட்டினேன், பஸ் நீளத்துக்குப் போர்டு வைத்தேன். தென்காசியிலிருந்து ராஜபாளையம்வரை சரக்குப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பேரன் கல்லூரிக்குப் போகும்போதும் நான் பூத்துக்காரர்தான்.

ஒரே ஒருநாள் தவிர. லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்து "சொல்லுங்கத்தே" என்பதற்குள், "மருமவனே! நல்லாருக்கியளா? ஒங்களுக்குன்னு முருங்கக்கா பறிச்சு வச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போங்க. வச்சிருதேன்" என்று வைத்துவிட்டார்கள். மாப்ள, நான் லாரியை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். பனவடலிக்கு அந்த வெயிலில் நான் போன வேகத்தில் வியாபாரத்துக்குக்கூடப் போனதில்லை. உங்கம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நீரா வந்தீரு?" என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டேனே என்ற ஆச்சரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சநேரம் உள்ளே நின்றார்கள். பிறகு ஒரு பெரிய கட்டாகவே கட்டிக் கொடுத்தார்கள். இதை உன் அக்காவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அம்மையாவது, ஒங்கள மருமவன்னு சொல்லதாவது" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அடுத்த மாதம் வருஷ நினைவு ஜெபக்கூட்டம். வாத்தியார் உட்பட எல்லாரும் வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்து அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டுக் காட்டவேண்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். அதற்காகத் தேடிப் பார்ப்போம் என்று போன வாரம் போனைத் திறந்தால், கம்பெனி பேர் வருகிறது, அணைகிறது, மறுபடி வருகிறது, அணைகிறது. கோவில் வாசலில் சீரியல் லைட்டு எரிகிற மாதிரி.

நம் கடையில் சர்வீஸ் பார்க்கிற நியாஸ் அகமதுவிடம் கொடுத்தேன். கெட்டிக்காரன், தாடி வைத்தவன், எனக்குப் பயப்படாதவன். பார்த்துவிட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, பேசுனது பூராத்தையும் உள்ள அடுக்கி வச்சிருக்கிய. போனுக்கு மூச்சுவிட எடமில்ல. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு. பிளாஷ் போடணும்."

"அப்படின்னா என்னவே?"

"வீட்ட இடிக்காம, சாமானை வெளிய எடுக்காம, அஸ்திவாரத்த மட்டும் மாத்தி வைக்கது."

"சாமான் ஒடையாதுல்லா?"

"புது அஸ்திவாரம் சரியாப் பொருந்துனா ஒடையாது. பொருந்தலன்னா இன்னொரு ஃபைலு இருக்கு, வீட்டையே தரமட்டமாக்கிட்டுப் புதுசாக் கட்டும். போன் கண்டிப்பாப் பிழைச்சிரும். உள்ள ஒரு துரும்பு இருக்காது."

"அந்த ஃபைலு பக்கம் போன, ஒன் கணக்க இன்னைக்கே முடிச்சிருவேன்" என்று சொல்லி முதலாவதைப் போடச் சொன்னேன். பொத்தான்களை எல்லாம் ஒன்றாக அமுக்கினான், போன் திரை நீலமானது, கம்ப்யூட்டரில் மாட்டினான். கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு ஓட்டையில் மாட்டினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். என்னமோ டிரைவர் என்றான், அதை ஏற்றினான். ஒரு மத்தியானம் முழுக்க இதே கூத்து. கடைசியில் கேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கோவப்படக்கூடாது" என்றான்.

"சொல்லு."

"கேபிள் நம்ம சரக்கு. எனக்கு அதுமேலதான் சந்தேகம். லிங்கேஷ் கடையில ஒண்ணு வாங்கிட்டு வரட்டா?"

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. "ஏன்வே, புரோட்டாக்கடை வச்சிருக்கவன் பசிச்சா எதிர்க்கடையில போயி நின்னு திம்பானா? நம்ம சரக்குல இன்னொண்ணு எடு" என்றேன். எடுத்தான். மற்றொன்று எடுத்தான். மூட்டையையே பிரித்தோம். கம்ப்யூட்டர் அசையவில்லை. கத்தரியை வாங்கி நானே ஒரு கேபிளை நறுக்கிப் பார்த்தேன். உள்ளே நாலு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பும் கறுப்பும் மட்டும். மிச்ச இடத்துக்கு நூல் வைத்துச் சுற்றியிருக்கிறான். சார்ஜ் ஏறும், தகவல் போகாது. ஒளிவு மறைவு எதற்கு, அந்த விலைக்கு அதுதான் வரும். வாங்குகிறவனும் "சார்ஜ் ஏறுமா?" என்றுதான் கேட்கிறானே தவிர வேறு கேட்பதில்லை. ஆனாலும் ஊருக்கெல்லாம் நான் விற்ற நூல் என் வீட்டுக் கழுத்தையே சுற்றும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் நியாஸ் கடையநல்லூரிலிருந்து தன் வீட்டுக் கேபிளைக் கொண்டுவந்தான். மாட்டியதும் கம்ப்யூட்டர் டிங் என்றது. கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டு, இன்று பராமரிப்பு வேலை ஏதும் உண்டா என்று கேட்டுக்கொண்டேன். ஃபேனை நிறுத்தினேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். நான் கண்ணை மூடி ஜெபித்தேன், நியாஸ் பிஸ்மில்லா சொன்னான், ஃபைலைத் தட்டினான். பச்சைக் கோடு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போயிற்று. நின்றது. சிவப்பாக ஒரு பெட்டி வந்து விழுந்தது. போனைப் பார்த்தால் கம்பெனி பேரும் போய்விட்டது. 'அப்டேட் தோல்வி' என்று ஒரே ஒரு வரி. நியாஸ் போனைப் புரட்டி முதுகைப் பார்த்தான். பிறகு நியாஸ் மெதுவாக, "அண்ணாச்சி, இந்தப் போன் எங்கன வாங்குனது?" என்றான்.

"ஷார்ஜா."

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா? நான் இந்தியா போனுக்கு உள்ள ஃபைலல்லா ஏத்திட்டேன்!"

"ஏன், போனுக்குப் பாஸ்போர்ட்டா இருக்கு?"

"இருக்கு. மாடல் நம்பர்ல கடைசி எழுத்து. அதுதான் பாஸ்போர்ட்டு. அது தெரிஞ்சா அந்த நாட்டு ஃபைலத் தேடி எறக்கிரலாம். சாமான் ஒடையாம எடுக்க இன்னும் வழி இருக்கு. நம்பரைச் சொல்லுங்க."

போனின் முதுகில் இருந்த எழுத்தெல்லாம் என் கை வியர்வையில் எப்போதோ அழிந்துவிட்டது. போன் வந்த பெட்டியில் இருக்கும். ஆனால் பெட்டியை அன்றைக்கே உங்கம்மா, "எதுக்கு வே எறியுதீரு, என் கண்ணாடி வைக்கதுக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு அந்தப் பெட்டி வாத்தியார் வீட்டுக்குப் போனதா, குப்பைக்குப் போனதா தெரியவில்லை. யாரிடமாவது கேட்டால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும். உன் அக்கா ஒருநாள், "அந்தப் போன் எங்க?" என்றாள். பேட்டரி மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "அப்படியா" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே மாப்ள, உன்னிடம் கேட்பது இதுதான். நீ உங்கம்மா பிள்ளை, எந்தப் பில்லையும் தூக்கிப் போடமாட்டாய். அந்தப் போனின் பில்லைத் தேடி, மாடல் நம்பரைக் கடைசி எழுத்துவரை பார்த்து நியாஸ் நம்பருக்கு அனுப்பு. எனக்கு அனுப்பாதே, வீட்டில் அகப்பட்டுக்கொள்வேன். ஜெபக்கூட்டத்துக்குள் வந்துவிட்டால் உனக்கு உன் அம்மை கிடைப்பாள், எனக்கு என் ஒற்றைச் சொல் கிடைக்கும். வராவிட்டால் அந்த இன்னொரு ஃபைல்தான் மிச்சம். அதில் நான் கைவைக்கமாட்டேன், போன் கல்லாப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஊறுகாயைப் பிரிட்ஜில் வைக்காதே, வெளியே வைத்தாலும் கெடாது, உங்கம்மா சொல்லிக்கொடுத்த பக்குவம். உன் வீட்டாருக்கு எங்கள் ஆசீர்வாதமும் பிள்ளைகளுக்கு எங்கள் முத்தமும். ஆண்டவர் உங்களை ஒரு குறையும் இல்லாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
அன்பு அத்தான்,
ஏ. ஏசுவடியான்.

பி.கு.: இது வியாழக்கிழமை காலை. நீ பில்லைத் தேடவேண்டாம். ஊறுகாய் பாட்டில் ஆடாமல் இருக்கப் பழைய பேப்பர் ஏதும் பையில் வைத்திருக்கிறேனா என்று உன் அக்கா கையை விட்டுப் பார்த்து, இந்தக் கடிதத்தை எடுத்துவிட்டாள். நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தாள். படித்து முடித்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் அந்தப் போன் பெட்டி. மேலே மாடல் நம்பர், கடைசி எழுத்து எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே உங்கம்மாவின் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் ஒரு மெமரி கார்டு.

"அம்மைய அடக்கம் பண்ணுன மறுவாரமே எல்லாத்தையும் இதுல ஏத்திட்டேன்" என்றாள்.

"யாரு ஏத்திக் குடுத்தா?"

"லிங்கேஷ். கேபிள மாட்டுன ஒடனே போயிட்டு."

நான் இட்லியைக் கீழே வைத்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க எங்கிட்ட என்னத்தச் சொன்னிய?" என்றாள். பிறகு கார்டைத் தன் போனில் போட்டு, "இந்த மருமவனே கததான் கூட்டத்துல போடப்போறியளா? பொறுங்க, அன்னைக்கு மத்தியானம் அம்மை எனக்குப் பேசுனதையும் கேட்டுட்டுப் போடுங்க" என்று தட்டினாள்.

மாப்ள, உங்கம்மா பேசினதை உள்ளபடி எழுதுகிறேன்: "ஏட்டி, வாத்தியாருக்குன்னு முருங்கக்கா பறிச்சு வச்சுட்டுப் போன் போட்டேன். நம்பரு மாறிட்டு போலுக்கு. பூத்துக்காரரு வந்து நிக்காரு, வேத்து ஒழுகிட்டு. அந்த மொகத்தப் பாத்துட்டு இது ஒமக்கு இல்லன்னு எப்படிட்டிச் சொல்ல? பூராத்தையும் கட்டிக் குடுத்துட்டேன். வாத்தியாருக்கு அடுத்த காய்ப்புல பாத்துக்கிடலாம். நீ ஒண்ணும் சொல்லிராத, மனுசன் சந்தோசமாப் போறாரு." வைத்துவிடுவார்கள் என்று பார்த்தேன். வைக்கவில்லை. கொஞ்சநேரம் கரகரவென்று சத்தம் மட்டும். பிறகு, "வெயில்ல போனாரே. சாப்ட்டாராட்டி?" என்று கேட்டுவிட்டு, ஜாய்ஸ் "சாப்ட்டாரும்மா" என்று சொல்கிறவரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் வைத்தார்கள்.

மறுபடி போடச் சொன்னேன். போட்டாள். இன்னொரு தடவை கேட்டேன். "போதும், சும்மாக் கேக்கதுக்கு இது என்ன ரேடியோவா?" என்று பிடுங்கிக்கொண்டாள். பிறகு பேரம் நடந்தது. மதுரைக்காரனிடம்கூட நான் இப்படித் தோற்றதில்லை. முடிவான நிபந்தனை இது: கார்டு அவளிடமே இருக்கும், காப்பி கிடையாது, வாட்ஸப்பில் அனுப்பப்படமாட்டாது. நீ லீவு போட்டு ஜெபக்கூட்டத்துக்கு நேரில் வந்தால் உட்காரவைத்து எல்லாம் கேட்கத் தரப்படும். கூட்டத்தில் 'மருமவனே' போடப்படாது, சாம்பாரில் முருங்கக்காய் போடப்படும். உனக்கு இலவசம். எனக்கு, ஒரு தடவை கேட்க ஒரு வேளைப் பாத்திரம். இன்றைக்கு உள்ளதை இப்போதே கழுவிவிட்டேன், நாளைக்கு உள்ளதற்கும் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்.